மொட்டைமாடியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர்: வானம் சரி, சூடுதான் தாங்கவில்லை

நண்பர் ஒருவர் கேட்டார்: "ஹைட்ரஜன் கோடு பார்க்க உங்க ஆர்டிஎல்-எஸ்டிஆர் போதுமா? இல்ல, 12 பிட் ரிசீவராவே வாங்கிரட்டுமா?" வருஷக்கணக்கில் வைத்திருப்பவன் என்பதால் வாட்ஸப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. தெரியாதவர்களுக்கு: ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்பது கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் செருகும் குச்சி போன்ற ரேடியோ ரிசீவர். ஹைட்ரஜன் கோடு என்பது வானத்து ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில் விடும் ரேடியோ அலை.

முதலில் பிட் சமாச்சாரம், அதாவது சிக்னலை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது. குச்சியில் இருப்பது 8 பிட். போதும். வானத்திலிருந்து வருவது வெறும் இரைச்சல்தான், அதைத் திரும்பத் திரும்பக் கூட்டிச் சராசரி எடுக்கிறோம், அவ்வளவே. கண்டம் விட்டுக் கண்டம் டிஷ்களை இணைக்கும் பெரிய ஆய்வகங்களே 2 பிட்டில் பதிவு செய்வது சகஜம். பக்கத்தில் செல்போன் டவர் இருந்தால் கூடுதல் பிட் கைகொடுக்கும். அப்போதும் எல்என்ஏவில் (ஆன்டெனாவை ஒட்டி வைக்கும், இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர்) உள்ள ஃபில்டர்தான் முக்கால்வாசி வேலையைப் பார்க்கிறது.

என் எரிச்சல் வேறு. சூடு.

கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காகச் செய்த சிப் இது. சும்மா ஓடினாலே தொட்டால் சுடும். சூடு ஏற ஏற கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, நழுவும். எஃப்எம் கேட்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. நமக்கோ, பழைய வைஃபை கிரிட் டிஷ்ஷை வைத்துப் பால்வீதியின் தளத்தையே பார்த்தாலும் 1420.4 மெகாஹெர்ட்ஸில் எழும் மேடு அரை டெசிபெல், மிஞ்சினால் ஒன்று. சாயங்காலம் எடுத்த பேஸ்லைனை (ஹைட்ரஜன் மேடு இல்லாத அடிப்படைப் பதிவு) இரவுப் பதிவிலிருந்து கழித்துப் பாருங்கள்: எது ஹைட்ரஜன், எது மாடி ஆறியதால் வந்த சரிவு என்று பிரிக்க முடியாது.

ஃபேன் வை என்பார்கள். அதை நம்பாதீர்கள். காற்று மாற மாற கோடு இன்னும் ஆடும். குளிர வைப்பதல்ல, ஒரே சூட்டில் வைப்பதுதான் விஷயம். நான் குச்சியைத் தடித்த அலுமினியத் தகட்டில் தெர்மல் பேடோடு இறுக்கி, டப்பாவில் போட்டு, வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். மாடியில் எல்என்ஏ மட்டும். பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட விட்டுவிடுவேன்.

எல்என்ஏ மட்டும் சும்மா இருக்குமா? அதற்கு 1946இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி வெளியிட்ட வித்தைதான் வழி: ஆன்டெனாவையும் தெரிந்த ஒரு லோடையும் மாற்றி மாற்றி ஒப்பிடுவது. அவர் ஸ்விட்ச் வைத்து வேகமாகச் செய்தார். நான் ஸ்டூல் போட்டு ஏறி, டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்என்ஏவில் கனெக்டர் நட்டைக் கழற்றி, 50 ஓம் டெர்மினேட்டரை (அதுதான் அந்தத் தெரிந்த லோடு) மாட்டி, இறங்கி, பதிவெடுத்து, மறுபடி ஏறுகிறேன். கொசுக்கடி தனி.

இவ்வளவு திட்டியாயிற்று, நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் தொடக்கத்தில் இரவு எட்டு மணிவாக்கில், பால்வீதியில் கிடக்கும் சிக்னஸ் (அன்னம்) விண்மீன் கூட்டம் உச்சிக்கு வருகிறது. டிஷ்ஷை ஆட்டாமல் விட்டால் போதும். ஒரு மேடு இரண்டாகப் பிரியும், சில நாள் மூன்று. வலப்பக்கம், அதாவது அதிர்வெண் கூடிய பக்கம், தள்ளி நிற்பது நம்மை நோக்கி வரும் வாயு, பால்வீதியின் வெளிப்பக்கச் சுருள் கை. 1420.6இல் இருந்தால் நொடிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகம். டிவிக் குச்சி சொல்கிற கணக்கு இது! மேகம் மூடியிருந்தாலும் கவலையில்லை. டெலஸ்கோப் வைத்திருக்கும் நண்பர்கள் வடகிழக்குப் பருவமழையைச் சபிக்கும்போது நான் பதிவெடுத்துக்கொண்டிருப்பேன். 1951இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் இதே கோட்டை முதன்முதலில் பிடித்தது ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கொம்பு ஆன்டெனாவில். அதன் வழியாக மழைத் தண்ணீர் ஆய்வகத்துக்குள்ளேயே வந்ததாம், எனவே கனெக்டருக்கு மட்டும் டேப் சுற்றிவிடுங்கள். இன்னொன்று, வட ஐரோப்பாவில் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும் பால்வீதி மையம் சென்னையில் 48 டிகிரி வரை ஏறும்.

ஆக, இந்தக் காசுக்கு இதை அடிக்க ஆளில்லை. வாங்கலாமா? இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், மாடி கொதிக்கிறது, நேற்றைய பதிவு முழுக்கக் குப்பை. 12 பிட்டும் வேண்டாம். அதுவும் சூடாகும், கூடுதல் விலைக்கு. வாங்கியே தீருவேன் என்றால் கூடவே ஒரு டெர்மினேட்டரையும் ஆர்டர் போடுங்கள். ஸ்டூல் வீட்டிலேயே இருக்கும்.