60 லிட்டர் முதுகுப்பை: வருடக்கணக்கில் சுமந்த பிறகு

புதுப் பை வாங்கியதும் எல்லோரும் எண்ணுவது பாக்கெட்டுகளைத்தான். என்னுடைய 60 லிட்டர் பையிலும் அதற்குக் குறைவில்லை. ஆனால் இத்தனை வருடம் முகாமுக்கு முகாம் தூக்கிச் சுமந்ததில், உண்மையில் உழைப்பவை இரண்டுதான்: முதுகுப்பக்கம் உள்ளே ஓடும் உலோகச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும்.

சுமையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அதற்கு ஆளின் உயரத்தைவிட முதுகின் நீளம்தான் முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தின் கீழே துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளந்து பார்த்து வாங்குங்கள். நெட்டையானவருக்கு முதுகு குட்டையாக இருப்பதும் உண்டு. மாட்டும்போது எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு முதலில் பெல்ட், பிறகு தோள் வார், அப்புறம் தோளுக்கு மேலே பையின் தலையை இழுத்துப் பிடிக்கும் சின்ன வார், கடைசியில் நெஞ்சு வார். இந்த வரிசை மாறினால் தோள்தான் பழி சுமக்கும்.

சரி, அடுக்கும் விஷயத்துக்கு வருவோம். ஸ்லீப்பிங் பேக் அடியில். சாப்பாடு, பாத்திரம், தண்ணீர் என்று கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. துணிமணி அவற்றைச் சுற்றியும் வெளிப்பக்கமும். கனம் முதுகிலிருந்து விலகினால் பை பின்னால் இழுக்கும். ரொம்ப உயரத்தில் இருந்தால் மேடு பள்ளத்தில் ஆளையே ஆட்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், சரியும்கூட. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கனத்தின்படி அடுக்குவதும் எடுக்கும் வரிசைப்படி அடுக்குவதும் ஒத்துப்போவதில்லை. டென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கனமானது, ஆகவே நடுவில் இருக்க வேண்டும். ஆனால் மழையில் போய்ச் சேர்ந்தால் முதலில் தேவைப்படுவதும் அதுதான். நடுவில் வைத்துவிட்டால் அதை எடுக்க, மேலே உள்ள அத்தனையையும் மழையில் வெளியே வைக்க வேண்டும்.

இதற்கு என் வழி, டென்ட்டை அதன் உறையிலிருந்து எடுத்துப் பிரித்துவிடுவது. கம்பிகள் பைக்குள் ஓரமாக நெட்டுக்குத்தாக நிற்கும். உள்கூடாரம் நடுவில், பாத்திரத்துக்குப் பக்கத்தில். உள்கூடாரத்துக்கு மேலே கட்டும் மழைவிரிப்பும் முளைகளும் மட்டும் மேல்மூடிக்குக் கீழே. விரிப்பை முதலில் கட்டக்கூடிய டென்ட்டாக இருந்தால், அதைக் கட்டி அதன் அடியில் உட்கார்ந்து மற்றதை நிதானமாக எடுக்கலாம். காலையில் ஈரமான விரிப்பு பையின் வெளிப்புற வலைப் பாக்கெட்டுக்குப் போய்விடும். மற்றதெல்லாம் காய்ந்தபடியே இருக்கும்.

பையோடு வந்த மழை உறையை நம்பி ஏமாறாதீர்கள். அது முதுகுப்பக்கத்தை மூடாது. கழுத்தில் வழிகிற தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கிவிடும். தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து, நனையக்கூடாதவற்றை அதில் போட்டு வாயை முறுக்கிவிடுவதே நம்பகமானது. இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் அன்றிரவு குளிர் காக்காது. இந்த உள்பை வந்த பிறகு, ஸ்லீப்பிங் பேக்கை நேராக எடுப்பதற்கென்று இருக்கும் அடி ஜிப்பை நான் திறப்பதே இல்லை. கடைக்காரர் பெருமையாகத் திறந்து காட்டியது அதைத்தான்!

இறுக்கிக் கட்டும் குட்டிப் பைகளையும் குறைத்துவிட்டேன். அமுக்கிக் கட்டினால் ஸ்லீப்பிங் பேக் கால்பந்து மாதிரி உருண்டு நிற்கும், சுற்றிலும் இடம் வீணாகும். உறையில்லாமல் அப்படியே திணித்தால் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். மூடிய பிறகு பையைத் தூக்கி இரண்டு குலுக்கு குலுக்குவேன். பாத்திரம் சத்தம் போட்டால் உள்ளே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். பாத்திரத்துக்குள் ஒரு ஜோடி காலுறையைத் திணித்தால் அடங்கும். திரவ எரிபொருள் புட்டி மட்டும் உள்ளே வேண்டாம். வெளிப்பக்கப் பாக்கெட்டில், நிமிர்ந்து, சாப்பாட்டின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். பைக்கு வெளியே குவளை, செருப்பு என்று தோரணம் கட்டுவது எனக்குப் பிடிக்காது. முள்ளில் மாட்டும், நடக்கும்போது ஆடும்.

தேய்மானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையில் வைத்த பையை எப்போதும் கழுத்துப் பக்கக் கைப்பிடி வளையத்தைப் பிடித்தே தொடைக்குத் தூக்குவதால் தோள் வார்களின் தையல் இன்னும் அசையவில்லை. வலைப் பாக்கெட் இரண்டு இடத்தில் கிழிந்து, தைத்திருக்கிறேன். பெல்ட்டின் பஞ்சு தட்டையாகிவிட்டது. நீண்ட இறக்கத்தில் எலும்பில் உறுத்துகிறது. மேல்மூடியின் உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து உரிகிறது. ஈரமும் வெப்பமும் அந்தப் பூச்சைச் சிதைக்கும், இந்தப் பையின் தனிக் குறை என்று சொல்ல முடியாது. வாஷிங் மெஷினில் போடாமல், மிதமான சோப்பில் கையால் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்துத் தளர்வாகத் தொங்கவிட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

பை, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்து உடல் எடையில் 20 சதவீதத்துக்குள் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். 60 லிட்டரில் மிச்சமிருக்கும் இடம், இதையும் வை, அதையும் வை என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று இரவுகளுக்கு மட்டும் போகிறவருக்கு நான் 50 லிட்டரைத்தான் சொல்வேன். குளிர்காலத் துணியும் தடித்த ஸ்லீப்பிங் பேக்கும் வேண்டியவர்கள் இந்த அளவையே எடுக்கலாம்.