பிராக் போறவங்க கவனத்துக்கு: பட்ஜெட்ல ஓட்டை விழுறது ரூம் வாடகைல இல்ல

செக் நாட்டுத் தலைநகர் பிராக் மிட் ரேஞ்ச் பட்ஜெட்டுக்கு நல்ல ஊருதான், மறுக்கல. நாங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ரூம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் நாளைக்கு 150 யூரோன்னு கணக்கு போட்டு, ஓல்ட் டவுன்ல ரூம் எடுக்காம கொஞ்சம் தள்ளி ஜிஷ்கோவ்ங்கற ஏரியா பக்கம் எடுத்து, ஏர்போர்ட்ல டாக்ஸி பிடிக்காம 59ஆம் நம்பர் டிராலிபஸ் ஏறி மெட்ரோ மாறி வந்து நல்லா மிச்சம் பண்ணிட்டு வந்தோம், அதை முதல் நாளே ரெண்டு இடத்துல உருவிட்டாங்க.

ஒண்ணு பணம் மாத்துற கடை. செக் நாட்டுல யூரோ கிடையாது, கொருனாதான். ஓல்ட் டவுன் ஸ்கொயர் பக்கத்துல ஒரு கடை, வாசல்ல பெருசா "0% கமிஷன்"னு எழுதியிருக்கு. கமிஷன் நிஜமாவே எடுக்கல, அதுக்கு அவசியமே இல்ல, ரேட்லயே அடிச்சிடறாங்க. எங்க வீட்டுக்காரர் 200 யூரோ நீட்டினார், 4,800 கொருனா பக்கம் வரணும், அந்த ஆள் எண்ணி வெச்சது 3,700 சொச்சம். கேட்டா போர்டைக் காட்டறான், உள்ள ஓரமா பொடி எழுத்துல அந்த ரேட் இருக்கு. "ஒன்ஸ் சேஞ்ச்டு, நோ ரிட்டர்ன்"னு முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

அது சுத்தப் பொய். 2019 ஏப்ரல்ல இருந்து அங்க சட்டமே இருக்கு, 1,000 யூரோ வரைக்கும் மாத்தினா மூணு மணி நேரத்துக்குள்ள அதே கடைக்குப் போய் கேன்சல் பண்ணலாம், காரணமே சொல்ல வேண்டாம். ரூம் ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுதான் சொல்லிச்சு, உடனே டிராம் பிடிச்சு ஓடினோம். ரசீதை கவுன்டர்ல வெச்சு "த்ரீ அவர்ஸ், கேன்சல்"னு சத்தமா சொன்னதும், பின்னாடி வரிசைல நின்னவங்க எல்லாம் எட்டிப் பார்க்க, பேசாம யூரோவை எடுத்துக் கொடுத்துட்டான். அதனால ரசீதைக் கசக்கிப் போட்டுடாதீங்க. தெருவுல நின்னு நல்ல ரேட் தரேன்னு கூப்பிடுறவன்கிட்ட மட்டும் போகவே போகாதீங்க, செல்லாத வெளிநாட்டு நோட்டைத் தள்ளிவிட்டுட்டுப் போயிடுவான், அப்புறம் ரசீதாவது சட்டமாவது.

சொல்லப்போனா கேஷே அவ்வளவா தேவைப்படல, டிராம்லயே கார்டு தட்டி டிக்கெட் எடுத்துக்கலாம். ஏடிஎம்மோ கடை மெஷினோ "ரூபாய்லயா கொருனாலயா"ன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு கொருனான்னு அமுக்குங்க, ரூபாய்னு அமுக்கினா அவன் வெச்ச ரேட்தான். எடுக்கணும்னா பேங்க்கோட சொந்த ஏடிஎம்ல எடுங்க, டூரிஸ்ட் நடமாட்டம் இருக்குற மூலைக்கு மூலை நிக்கிற தனியார் பெட்டில வேண்டாம்.

ரெண்டாவது ஹேம் ஸ்டால். ஸ்கொயர்லயே பன்னித் தொடையை நெருப்புல சுத்தவிட்டு வாசனையாலயே ஆளை இழுப்பாங்க. போர்டுல 119 கொருனான்னு போட்டிருக்கு, ஒரு பிளேட்டுக்குன்னுதானே நினைப்போம், கீழ எறும்பு மாதிரி "100 கிராம்"னு இருக்கு. "கொஞ்சம் போதும்"னு நான் கையைக் காட்டிக்கிட்டே இருக்கேன், அவன் பாட்டுக்கு ஒரு கல்லு சைஸுக்கு வெட்டித் தராசுல போட்டான், 430 கிராம், 500 கொருனாவுக்கு மேல. வெட்டியாச்சு, திருப்பி எடுக்க முடியாதாம். இதுக்கு மூணு மணி நேரச் சட்டமெல்லாம் கிடையாது. கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடியே எத்தனை கிராம், எவ்வளவு ஆகும்னு கேளுங்க, பதில் சொல்லாம சிரிச்சான்னா அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுங்க.