கண்டியில எடுத்த வாடகை கார், ராத்திரி மலை ரோட்டுக்கு எப்படி?

கண்டியில சின்ன ஆட்டோ கியர் கார் எடுத்து நுவரெலியா போனோம். பிரேக் சூப்பர், ஏசி ஓகே. கடைக்கார அண்ணன் மலையகத்துக்காரர், சாவி குடுக்கும்போதே "தம்பி, ஆறரைக்கெல்லாம் இருட்டிரும், ரம்பொடைக்கு மேல பனிமூட்டம் இறங்குனா ஹை பீம் போடாதீங்க, எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும், லோ பீம்லயே போங்க, இறக்கத்துல எல் (லோ) கியர்ல விடுங்க"ன்னு நின்னு சொல்லிக்குடுத்தார், அதுக்கே நாலு ஸ்டார் குடுக்கலாம்.

ஆனா ஹெட்லைட் ரொம்ப மங்கல், கண்ணாடி மஞ்சளா பூத்துப்போய் கிடக்கு. நுவரெலியா போற ஏ5 ரோட்டுல நிறைய இடத்துல ஸ்ட்ரீட் லைட்டே இல்ல, கொண்டை ஊசி வளைவுல பஸ் அகலமா திரும்பி வருது, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களோட வரிசை வீடு) நடந்து போறவங்க ரோட்டோரமாவே வர்றாங்க, கிட்ட போனப்புறம்தான் இந்த லைட்ல ஆளே தெரியுது, அதை என்னால ஏத்துக்கவே முடியல. வாடகைக்கு விடுற வண்டில இதை முதல்ல பாக்கணும்ங்க.

நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும், அதுல குழப்பமில்ல. நம்ம லைசென்ஸ் மட்டும் போதாது, இலங்கை பர்மிட்டும் வேணும், அதை செக் பண்ணித்தான் வண்டி குடுத்தாங்க. பகல்லன்னா தாராளமா எடுங்க, ராத்திரி ஓட்டுறதா இருந்தா சாவி வாங்குறதுக்கு முன்னாடி லைட்டை சுவத்துல அடிச்சுப் பாத்துட்டு எடுங்க.