ஹாரிசனா, நேபர்ஸா: 2024 டிராஃப்டில் என் தேர்வு

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்டுக்கு முன்னால் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் ஓடிய பெரிய விவாதம், கல்லூரியிலிருந்து வரும் வைட் ரிசீவர்களில் (ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்கள்) முதலிடம் யாருக்கு என்பதுதான். பெரும்பாலானவர்கள் ஒஹாயோ ஸ்டேட்டின் மார்வின் ஹாரிசன் ஜூனியர் என்றார்கள். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் எங்கள் டைனஸ்டி ஃபேண்டஸி லீக்கில் என் முறை வந்தபோது அவரும் இருந்தார், எல்.எஸ்.யு.வின் (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாலிக் நேபர்ஸும் இருந்தார். நான் நேபர்ஸை எடுத்தேன். இந்த வகை லீக்கில் ஒரு வீரரை எடுத்தால் பல வருடம் அவரோடுதான் காலம் தள்ள வேண்டும். அதனால் நிஜ அணிகள் யோசிப்பதுபோல நீண்டகாலக் கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன்.

ஹாரிசனின் பெருமைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. 6 அடி 3 அங்குல உயரம், ஆட்டத்தின் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் அப்பா, கல்லூரியின் சிறந்த ரிசீவருக்கான 2023இன் பிலெட்னிகாஃப் விருது. என்னைக் கவர்ந்தது வேறொன்று. 2022இல் அவருக்குப் பந்து வீசியவர் சி.ஜே. ஸ்ட்ரவுட், 2023இல் கைல் மெக்கார்ட். குவார்ட்டர்பேக் (பந்து வீசுபவர்) மாறியும், பந்தைப் பிடித்து எடுத்த தூரம் 1,263 யார்டிலிருந்து 1,211 ஆனதோடு சரி. டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கட்டமான எண்ட் ஸோனில் சேர்ப்பது) இரண்டு வருடமும் 14. டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் கம்பைனிலும், கல்லூரியில் நடக்கும் புரோ டேயிலும் அவர் 40 யார்டு ஓட்டம் ஓடவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவர் வேகம் மைதானத்திலேயே தெரிந்தது.

நேபர்ஸ் சுமார் 6 அடி, 200 பவுண்டு. 2023இல் 89 கேட்ச், 1,569 யார்டு, 14 டச்டவுன். ஹாரிசனைவிட ஏறக்குறைய ஒரு வயது இளையவர். டிராஃப்ட் இரவில் அவருக்கு வயது 20தான். அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றிலும் நியாயம் இருந்தது. அந்த வருடம் கல்லூரியின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ஜேடன் டேனியல்ஸ்தான் அவருடைய குவார்ட்டர்பேக். அதே அணியில் மைதானத்தின் மறுபக்கம் நின்ற ரிசீவர் பிரையன் தாமஸும் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர், அதனால் நேபர்ஸ் மேல் மட்டும் இரண்டு பேரை நிறுத்த எதிரணியால் முடியவில்லை. அப்புறம், நேபர்ஸ் நிறைய ஸ்லாட்டில் (ஓரத்தில் இல்லாமல் உள்பக்கமாக) நின்று ஆடினார். அங்கே ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக் நேர் எதிரில் நின்று நெஞ்சில் கைவைத்துத் தடுப்பது குறைவு.

இவ்வளவும் தெரிந்தே அவரை எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: பந்து கைக்கு வந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பது. ஹாரிசன் மாதிரி 20 யார்டு தள்ளிப் போய்ப் பந்தைப் பிடிப்பவருக்கு மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் தாக்குப்பிடிக்க வேண்டும், குவார்ட்டர்பேக் பதறாமல் காத்திருக்க வேண்டும், வீசும் பந்தும் சரியான தோளுக்கு வர வேண்டும். மூன்றில் ஒன்றுகூட ரிசீவர் கையில் இல்லை. ஐந்தாறு யார்டில் பந்தை வாங்கி, முதலில் பாய்கிறவனை ஏமாற்றி, இன்னும் பத்து யார்டு ஓடுகிறவருக்கு இதில் பாதி போதும். எல்.எஸ்.யு. ஆட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். 2023இல் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 13 கேட்ச், 239 யார்டு எடுத்தார். அந்த ஆட்டத்தில் அவரை எங்கே நிறுத்தினாலும் பந்து அவரைத் தேடிப் போனது.

டிராஃப்டில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? தோற்ற அணிகளுக்குத்தான் முதலில் எடுக்கும் உரிமை. முந்தைய சீசனில் அரிசோனா 4-13 (4 வெற்றி, 13 தோல்வி), நியூயார்க் ஜயன்ட்ஸ் 6-11. முதல் பத்துக்குள் போகும் ரிசீவர் பெரும்பாலும் லைனோ குவார்ட்டர்பேக்கோ தடுமாறும் அணிக்குத்தான் போகிறார். அங்கே போயும் பிழைக்கிற ஆட்டமா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது தேர்வாக ஹாரிசன் அரிசோனாவுக்கும், ஆறாவதாக நேபர்ஸ் ஜயன்ட்ஸுக்கும் போனார்கள். ஜயன்ட்ஸ் நடுசீசனில் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸை விடுவித்தது, டாமி டிவிட்டோவும் ட்ரூ லாக்கும் மாறி மாறி ஆடினார்கள், அணி 3-14இல் முடிந்தது. அதற்கு நடுவே நேபர்ஸ் 15 ஆட்டத்தில் 109 கேட்ச், 1,204 யார்டு எடுத்தார். ஹாரிசன் 17 ஆட்டத்தில் 62 கேட்ச், 885 யார்டு, 8 டச்டவுன். முதல் ஆட்டத்தில் அவருக்கு ஒரே கேட்ச், 4 யார்டு. அடுத்த வாரமே ராம்ஸுக்கு எதிராக 130 யார்டு, இரண்டு டச்டவுன், அதுவும் முதல் கால்பகுதியிலேயே. திறமை பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் அரிசோனாவின் குவார்ட்டர்பேக் கைலர் மரே குறுகிய தூரத்துக்கு வீசியபோது, அந்தப் பந்துகள் டைட் எண்ட் (லைனை ஒட்டி நின்று பந்தையும் பிடிப்பவர்) ட்ரே மெக்பிரைடிடம் போயின. அவர் அந்த சீசனில் எடுத்தது 111 கேட்ச்.

ஒரு சீசனை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஜயன்ட்ஸில் வேறு ஆள் இல்லாததாலும் நேபர்ஸ் பக்கம் 170 பந்துகள் வந்தன. 2025 செப்டம்பரில் அவருக்கு முழங்காலின் ஏ.சி.எல் தசைநார் கிழிந்தது. சட்டென்று திரும்பி ஏமாற்றுவதையே நம்பி ஆடும் வீரருக்கு இந்தக் காயம் ஹாரிசன் மாதிரி உயரமானவரைவிடக் கூடுதலாக உறுத்தும் என்பது என் பயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆட்டங்களை நான் டிவி ஒளிபரப்பில்தான் பார்க்கிறேன். கேமரா பந்தின் பின்னாலேயே போவதால், பந்து வராத ரூட்டுகளில் (ரிசீவர் ஓடும் பாதைகள்) ஹாரிசன் கார்னர்பேக்கை எப்படி விலக்கினார் என்பது திரைக்கு வெளியே நடந்துவிடும். அவருடைய பெரிய பலமே அங்கேதான் என்றால், அதை நான் குறைத்து மதிப்பிட வாய்ப்பு உண்டு.

வாஷிங்டனின் ரோம் ஒடுன்ஸேயை நான் மூன்றாவதாகத்தான் வைத்திருந்தேன். 2023இல் 1,640 யார்டோடு நாட்டிலேயே முதலிடம் அவருக்குத்தான். ஆனால் ஆளோடு மோதி உயரத்தில் பிடிக்கும் பந்துகளை அதிகம் நம்புவதால், ஹாரிசனிடம் எனக்கிருந்த அதே கவலை இவரிடமும் இருந்தது.

உங்கள் அணியில் பொறுமையாக நின்று ஆழமாக வீசும் குவார்ட்டர்பேக் இருந்து, எண்ட் ஸோன் அருகில் உயரமான ஆள் இல்லையென்றால் ஹாரிசனை எடுங்கள், தாராளமாக. குவார்ட்டர்பேக் யாரென்றே உறுதியாகாத அணிக்கு, முழங்கால் தேறிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னால், நான் இன்றைக்கும் நேபர்ஸைத்தான் எடுப்பேன்.