நார்த்ஈஸ்டர்னில் இரண்டு வருடம், நடுவில் ஒரு கோ-ஆப்

பாஸ்டனில் இருக்கும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2022-ல் எம்.எஸ். சேர்ந்தேன். முடித்து வேலைக்கும் வந்தாயிற்று. "எப்படி இருந்தது?" என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் வாயில் வருவது கோ-ஆப்தான்.

அங்கே 1909-லிருந்து நடக்கும் ஏற்பாடு அது. படிப்புக்கு நடுவே சில மாதம் முழுநேர வேலை. சம்பளம் வரும், அந்த நாட்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டாம். ஆனால் வேலையை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நூற்றுக்கு மேல் விண்ணப்பித்தேன். ஒரு நிறுவனம் ஆஃபர் கொடுத்துவிட்டு, சேர பத்து நாள் இருக்கும்போது இல்லை என்றது. அந்த வாரம் சோறே இறங்கவில்லை. அப்புறம் மருத்துவத் தரவு பார்க்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஆறு மாதம் கிடைத்தது.

முதல் வாரமே என் ரிப்போர்ட்டில் நோயாளிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாக நின்றது. இரண்டு டேட்டா டேபிள்களை இணைத்ததில் ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருந்தார். டேட்டாபேஸ் பாடத்தில் 'ஏ' வாங்கியிருந்தேன், இருந்தும் கண்ணில் படவில்லை. மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக எண்ணிக் காட்டினார். திரும்பி வகுப்புக்குப் போனபோது, அதே பாடம் வேறு மாதிரி புரிந்தது.

வெளிநாட்டு மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: முழுநேர சி.பி.டி. (படிக்கும்போதே கோ-ஆப் போன்ற வேலை செய்யும் அனுமதி) 12 மாதத்தைத் தொட்டால், அதே படிப்புக்கான ஓ.பி.டி. (படிப்பை முடித்தபின் அங்கேயே வேலை செய்யும் அனுமதி) போய்விடும். ஆறோ எட்டோ மாதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விளையாட்டு என்றால் ஐஸ் ஹாக்கி. அமெரிக்கன் ஃபுட்பால் அணியை 2009-லேயே கலைத்துவிட்டார்கள். கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, எங்கள் ஹாக்கி அரங்கமான மேத்யூஸ் அரீனாவில் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) வந்து கண்ணாடியில் மோதும் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஹார்வர்ட், பாஸ்டன் பல்கலைக்கழகம், பாஸ்டன் கல்லூரி, நாங்கள் என நான்கு அணிகள் மோதும் பீன்பாட் என்ற ஹாக்கி போட்டி உண்டு. 2023 இறுதிப் போட்டியில் ஹார்வர்டை ஷூட்அவுட்டில் (சமனான ஆட்டத்தில் ஒவ்வொருவராக வந்து கோல் அடிக்க முயலும் சுற்று) வென்றோம். எங்கள் கோல்கீப்பர் டெவன் லெவி ஒவ்வொரு ஷாட்டையும் தடுக்கத் தடுக்க, பெயர் தெரியாத பக்கத்து சீட்டுப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்றிலிருந்து பாஸ்டன் எனக்கு ஊராகிவிட்டது.

1910-ல் திறந்த மேத்யூஸ் அரீனாவில் 2025 டிசம்பரில் கடைசி ஆட்டம் நடந்தது. வேலையை முடித்துக்கொண்டு ஓடினேன். ஆட்டம் முடிந்தும் எழுந்து வர மனசே வரவில்லை.