30 வருட வீட்டுக் கடன், 14 வருடத்தில்: பினாங்கிலிருந்து ஓர் அனுபவம்

2011 ஜூலையில் ஆயர் ஈத்தாமில் 178,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒரு ஃபிளாட் வாங்கினோம். 18,000 முன்பணம் கட்டியது போக 160,000 வெள்ளி கடன், 30 வருடம். வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைத்திருந்த வட்டி விகிதம், பிஎல்ஆர், அன்றைக்கு 6.60. அதில் 2.1 கழித்து எங்களுக்கு 4.5 சதவீத வட்டி, மாதத் தவணை 811 வெள்ளி. 2025 செப்டம்பரில் கடன் முடிந்தது. இடையில் பெரிய தொகை எதுவும் எங்கிருந்தும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு பத்து ஃபெரிங்கியில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை, எனக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை.

சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் அவருடைய வயது. வீடு வாங்கும்போது அவருக்கு 38. கடன் முடியும்போது 68. ஓய்வு பெறும் வயதோ 60. அந்த எட்டு வருடத் தவணையை யார் கட்டுவது?

முதல் தவணை போனதும் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். 811-இல் 600 வெள்ளி வட்டி. அசலில் கழிந்தது 211 தான். பள்ளிக் காலத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் அந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்தேன், இன்னும் இருக்கிறது. பிறகு தொழிற்சாலைக் கணினியில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, மாதம் 200 வெள்ளி கூடுதலாகப் போட்டால் என்னாகும் என்று போட்டுப் பார்த்தேன். 30 வருடம் 20 வருடமாகிறது. வட்டியில் ஏறக்குறைய 48,000 வெள்ளி மிச்சம். தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். கூடுதல் பணம் முழுவதும் அசலில் விழுவதால், அதற்கான வட்டி மிச்சமிருக்கும் எல்லா வருடத்துக்கும் சேர்ந்து நின்றுபோகிறது. அதனால்தான் முதல் சில வருடங்களில் போடும் 100 வெள்ளிக்கு இருக்கிற பலம், கடைசியில் போடும் 100 வெள்ளிக்கு இல்லை.

அப்போது 200 முடியவில்லை. 100-இல் ஆரம்பித்தோம்.

இரண்டு வருடம் மாதம் தவறாமல் போட்டோம். 2013-இல் வருடாந்தரக் கணக்குத் தாள் வந்தபோது என் நோட்டில் மீதி 152,300 என்று இருந்தது, வங்கித் தாளில் 154,700 சொச்சம். வித்தியாசம் சரியாக நாங்கள் கூடுதலாகப் போட்ட 2,400. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தது நம்ம பெண்தான். திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, நீங்க கூடப் போட்ட காசெல்லாம் அட்வான்ஸா நிக்குது. அடுத்த தவணைக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க. எழுதிக் கொடுத்தாதான் அசல்ல கழியும்."

எங்களுடையது சாதாரண தவணைக் கடன். கூடுதல் பணம் வந்தால், அடுத்த மாதத் தவணைக்கு முன்கூட்டியே கட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். அசலிலும் கழியாது, வட்டியும் குறையாது. கையெழுத்துப் போடும்போது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, ஏற்கெனவே நிற்கும் 2,400 வெள்ளியையும் இனி வரும் கூடுதல் தொகையையும் அசலில் கழிக்கும்படி எழுதினேன். முத்திரை குத்திய நகல் கேட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு வருடா வருடம் தாள் வந்ததும் நோட்டோடு ஒப்பிடுவது என் வேலையாயிற்று. கூடுதலாகக் கட்ட ஆரம்பிக்கிற யாராயிருந்தாலும், இரண்டாம் மாதமே அசல் மீதியைப் பாருங்கள். நாங்கள் இரண்டு வருடம் பார்க்காமல் இருந்தோம். இருப்பதிலேயே பலமான அந்த இரண்டு வருடம் போயிற்று.

செமி ஃபிளெக்ஸி, ஃபுல் ஃபிளெக்ஸி என்று வேறு வகை வீட்டுக் கடன்களும் உண்டு. அவற்றில் கடிதம் தேவையில்லை, போட்ட பணத்துக்கு வட்டி தானாகக் குறையும். தேவைப்பட்டால் திரும்ப எடுக்கவும் முடியும். ஃபுல் ஃபிளெக்ஸிக்கு மாதாமாதம் சிறு கட்டணம் உண்டு. இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் நான் செமி ஃபிளெக்ஸிதான் கேட்பேன். ஏன் என்பது 2020-இல் புரிந்தது.

2013 முதல் மாதம் 200 கூடுதலாகப் போட்டோம். 2015-இல் கார்க் கடன் முடிந்தது, மாதம் 480 வெள்ளி கைக்கு வந்தது. அதில் 400-ஐ வீட்டுக்குத் திருப்பினோம், ஆக மாதம் 600 கூடுதல். காரை முதலில் அடைக்கலாமா என்றும் யோசித்திருந்தோம். எங்கள் கார்க் கடனில் வட்டியை ஆரம்பத்திலேயே மொத்தமாகக் கணக்கிட்டு வைத்திருந்தார்கள், முன்கூட்டி அடைத்திருந்தாலும் பெரிதாக மிஞ்சியிருக்காது. வீட்டுக் கடனில் மீதிக்குத்தான் வட்டி. போனஸ் வந்த வருடங்களில் 2,500 வெள்ளி போட்டோம். தீபாவளிச் செலவு போகத்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பத்து ஃபெரிங்கி ஹோட்டல்கள் காலியாகி, அவரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். அதற்குள் நாங்கள் கூடுதலாகப் போட்டிருந்தது 50,000 வெள்ளிக்கு மேல். அதிலிருந்து ஒரு வெள்ளிகூட எடுக்க முடியாது. சேமிப்புக் கணக்கில் இரண்டு மாதச் செலவுக்குத்தான் இருந்தது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த ஆறு மாதத் தவணை நிறுத்தம் கைகொடுத்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது என்றாலும். ஜூனில் என் இரண்டு வளையல்களை அடகு வைத்தேன். கடைக்காரர் தராசில் வைத்தபோது என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். வளையலை மீட்டுவிட்டோம். ஆனால் வீட்டுக்குள் போட்ட பணம் அரிசி வாங்காது என்பதை அன்றைக்கு நன்றாகத் தெரிந்துகொண்டேன். ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் கூடுதலாகக் கட்டாதீர்கள்.

அதே 2020-இல் ஓபிஆர், அதாவது பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் வட்டி விகிதம், 3.00-இலிருந்து 1.75-க்கு இறங்கியது. தவணையைக் குறைத்து வங்கி கடிதம் அனுப்பியது. நாங்கள் பழைய 811-ஐயே கட்டினோம், வித்தியாசம் அசலுக்குப் போயிற்று. 600 கூடுதலை மறுபடி ஆரம்பிக்க 2022 ஜனவரி ஆயிற்று. அந்த வருடம் மே மாதத்திலிருந்து ஓபிஆர் ஏற ஆரம்பித்து, 2023 மே மாதம் திரும்ப 3.00-க்கு வந்தது. அக்கம்பக்கத்தில் தவணை ஏறியதென்று புலம்பல். எங்கள் மீதி அப்போது சின்னதாகிவிட்டதால் எங்களுக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை.

ஊழியர் சேமநிதியான இபிஎஃப்-இல் அப்போதிருந்த இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்துக் கடனைக் குறைக்கலாம் என்று 2018-இல் என் வீட்டுக்காரர் சொன்னார். அனுமதி இருந்ததுதான். ஆனால் 2017-க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.90 சதவீதம், எங்கள் கடன் வட்டி ஐந்தைக்கூடத் தொடவில்லை. வேண்டாம் என்றேன். என் மகள் அப்போதே கேட்டாள்: "அப்படின்னா மாசாமாசம் போடற 600-ஐயும் இபிஎஃப்-லயே கட்டலாமேம்மா?" கணக்குப்படி அவள் சொல்வது சரி. நிரந்தர வேலையும் இளவயதும் உள்ளவர்கள் அப்படியே செய்யலாம். எங்களுக்கு, 60 வயதுக்கு முன்னால் வீடு கடனில்லாமல் நிற்க வேண்டும் என்பது லாப ஈவைவிடப் பெரிதாக இருந்தது. கடன் முடிந்தபோது அவருக்கு 52.

மொத்தத்தில் வட்டியாகப் போனது 60,000 வெள்ளி சொச்சம். 30 வருடமும் கட்டியிருந்தால் 130,000-ஐத் தாண்டியிருக்கும்.

முடிக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. எங்கள் ஒப்பந்தத்தில் முதல் ஐந்து வருடத்துக்குள் முழுதாக அடைத்தால் அபராதம், அது தாண்டியிருந்தது. கடைசித் தொகைக்கு வங்கியிடம் எழுத்தில் கணக்கு வாங்குங்கள், அது குறிப்பிட்ட தேதி வரைக்கும்தான் செல்லும். பணம் கட்டியதும் அடமானம் தானாக நீங்காது. வழக்கறிஞர் மூலம், அடமானத்தை நீக்குவதற்கான 16என் பாரத்தை நில அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்குத் தனிச் செலவு. கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் எம்ஆர்டிஏ காப்புறுதியை ஒரே தொகையாகக் கட்டியிருந்தால், மிச்சக் காலத்துக்குத் திரும்ப ஏதாவது வருமா என்று கேளுங்கள், எங்களுக்குக் கொஞ்சம் வந்தது. மாதாமாதம் தானாகப் பணம் போகும் உத்தரவையும் ரத்து செய்துவிடுங்கள். நாங்கள் மறந்துபோனதில் அக்டோபரிலும் ஒரு 1,411 வெள்ளி போய்விட்டது, திரும்ப வர மூன்று வாரம் ஆனது.