ஆட்டுப்பட்டிக்கு சோலார் வலைவேலி: வாங்கலாமா?

ஆடுகளைக் குதற வரும் நாய்களைத் தடுக்கத்தான் என்றால், வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்லாமல் விடும் விஷயங்கள் சில உண்டு. அவற்றில் பாதி மின்சாரம் பற்றியவை, மீதி பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பற்றியவை.

நான் வாங்கியது, சுருட்டி எடுத்துப் போகக்கூடிய இடுப்பளவு உயர வலை. பிளாஸ்டிக் நூலோடு மெல்லிய கம்பி இழைகளைச் சேர்த்துப் பின்னியிருக்கிறார்கள். ஊன்று கம்புகள் வலையிலேயே இருப்பதால் ஓர் ஆளே நட்டுவிடலாம். கூடவே வலைக்கு மின்துடிப்பை அனுப்பும் எனர்ஜைசர் என்ற கருவி, சிறிய சோலார் பலகை, பேட்டரி, ஓர் எர்த் கம்பி.

எனர்ஜைசர் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை சில ஆயிரம் வோல்ட் துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிக்காததால் சுரீரென்று வலிக்குமே தவிர, உயிருக்கு ஆபத்தில்லை. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆளையே கொன்றுவிடும். அதையும் இதையும் ஒன்றாகப் பேச வேண்டாம். எனர்ஜைசர் வாங்கும்போது மின்வேலிக் கருவிகளுக்கான பன்னாட்டுப் பாதுகாப்புத் தரமான ஐஇசி 60335-2-76 குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

நாயைப் பொறுத்தவரை எல்லாம் மூக்கில்தான் இருக்கிறது. உடம்பு முழுக்க ரோமம், ஷாக் சரியாக ஏறாது. ஆனால் புதிதாக எதைக் கண்டாலும் முகர்ந்து பார்க்காமல் நாயால் இருக்க முடியாது. ஈர மூக்கு கம்பியில் பட்டால் போதும். பக்கத்துத் தோட்டத்துச் செவலை நாய் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது, முகர்ந்தது, வீறிட்டுத் துள்ளியது. பிறகு தள்ளிப்போய் உட்கார்ந்து, அடித்தது யார் என்று என்னையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தது. வலையை நட்டுவிட்டு மின்சாரத்தைப் பிறகு கொடுக்கலாம் என்று விட்டால் இந்த முதல் பாடம் வீணாகிவிடும்.

கோடையில்தான் தலைவலி. துடிப்பு கம்பியிலிருந்து நாய் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியே கருவிக்குத் திரும்ப வேண்டும். மண் காய்ந்து கிடந்தால் மின்சுற்று முழுமையாகாது, வலை வெறும் வலைதான். எர்த் கம்பியை ஈரமான இடத்தில் ஆழமாக அடித்து, கூடுதலாக ஒன்றிரண்டு கம்பிகளையும் சேர்த்தேன். மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்சாரத்தைக் குடித்துவிடுகிறது; வலையோரம் செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொம்புள்ள ஆடுகள் தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும் என்பதால் பட்டியை அடிக்கடி பார்வையிடாமல் தீராது.

இனி, பக்கத்துத் தோட்டத்துக்காரர். நாய் வந்த ஒவ்வொரு முறையும் 'யாருடைய நாய்?' என்ற வழக்குதான் நடந்தது. பின்னங்கால், தொடை, விலா என்று பல ஆடுகளைக் குதறிவிட்டு எதையும் தின்னாமல் போயிருந்தால் நாயின் வேலை என்று தெரிந்துவிடும். எந்த நாய் என்று அது சொல்லாது. வாசலில் சாதுவாகக் கிடக்கும் நாயும் நாலைந்தோடு சேர்ந்து ஓடத் தொடங்கினால் வேறு பிறவி. ஆகவே 'எங்கள் நாய் அப்படிச் செய்யாது' என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. இறைச்சியில் விஷம் வைக்கச் சொன்ன புத்திசாலிகளும் உண்டு. விஷத்துக்கு நாய் எது, காகம் எது, குழந்தை எது என்று தெரியாது.

வலையை நடுவதற்கு முன்பே அவரிடம் சொன்னேன். "என் நாய்க்கா?" என்று முகம் சுருங்கியது. கருவியை ஓடவிட்டு, நீளமான பச்சைப் புல் ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் நுனியால் கம்பியைத் தொடச் சொன்னேன். விரலில் சுண்டியது போல் லேசாகத் துடித்ததும், "இவ்வளவுதானா?" என்றார். ரேபிஸ் தடுப்பூசி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டுக்கும் ரேபிஸ் வரும், வந்தால் பிழைக்காது. செவலைக்கு ஊசி போட்டாயிற்று. கட்டிப்போடச் சொன்னதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

என் பட்டிப் பக்கம் வருவதை விட்ட நாய்க் கூட்டம், அடுத்த தோட்டத்துக் கோழிகள் மேல் கண் வைத்திருக்கிறது. வலை நாயை விரட்டத்தான் செய்யும், அதன் பசியையும் விளையாட்டையும் ஒன்றும் செய்யாது. அந்தத் தோட்டத்து அம்மா என்னைப் பார்க்கும் பார்வையில் நட்பு சற்றுக் குறைந்திருக்கிறது. கோழிக்கு வாங்குவதாக இருந்தால் கண்ணி சிறிதான வலையாகக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது பெட்டியில் வோல்ட் அளக்கும் டெஸ்டர் வைக்காததற்கு. அதைத் தனியாக வாங்கி, மாலையில் பட்டியை அடைத்ததும் எனர்ஜைசரிலிருந்து தொலைவில் உள்ள முனையில் வைத்துப் பாருங்கள். அங்கே வோல்ட் குறைந்திருந்தால் முதலில் புல்லையும், அடுத்து எர்த் கம்பியையும் கவனியுங்கள்.